யாருடைய உடம்பு முதலில் தேய்கிறது?

சர்க்கரை நோய் என்பது வசதியானவர்கள் வீட்டுச் சமாசாரம் என்றுதான் தமிழ்நாடு வெகுகாலம் நினைத்திருந்தது. நெய்யும் நாற்காலி உத்தியோகமும் இருக்கிற வீட்டில் அது குடியேறும். நாற்று நடுகிறவளுக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் ஏன் வரப்போகிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் அன்று நியாயமும் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில், நகரங்களில் நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்குத்தான் சர்க்கரை இருந்தது. கிராமங்களில் அதைவிடக் குறைவு.

அதே கழகமும் சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேர். பத்திரிகைகள் இந்த எண்ணைத் தலைப்பில் போட்டன, தொலைக்காட்சிகள் விவாதம் நடத்தின. ஆனால் இதே ஆய்வின் முந்தைய கட்டத்தில், 2017-இல், இன்னொரு தகவல் வந்தது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. சண்டிகர், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய வளர்ந்த பகுதிகளின் நகரங்களில், வசதியானவர்களைவிட வசதி குறைந்தவர்களிடம் சர்க்கரை அதிகமாக இருந்தது. சண்டிகர் நகர்ப்புறத்தில் வசதி குறைந்தவர்களில் நூற்றுக்கு 26.9, வசதியானவர்களில் 12.9. தமிழ்நாட்டில் இந்த இடைவெளி சிறியதுதான். ஆனாலும் திசை திரும்பிவிட்டது.

என் பார்வையில் அதுதான் பெரிய செய்தி. ஒரு நோய் மேல்தட்டில் தொடங்கி, மேல்தட்டு அதிலிருந்து மெல்ல விலகிக்கொண்டபின், கீழே இருப்பவர்கள் தலையில் இறங்கியிருக்கிறது. பணம் உள்ளவர் காலையில் நடக்கப் போகிறார், சிறுதானியத்துக்கு மாறுகிறார், ஆண்டுக்கொருமுறை முழு உடல் பரிசோதனை செய்துகொள்கிறார். இரவுப் பணிக் காவலாளிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வீட்டு வேலைக்கு நான்கு வீடு ஏறி இறங்கும் பெண்ணுக்கும் இதில் எது சாத்தியம்?

ரேஷன் அரிசியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த அரிசி தமிழ்நாட்டின் பசியை விரட்டியது. அதில் யார் கைவைத்தாலும் எதிர்க்க வேண்டும். பிரச்சினை தட்டில் அரிசிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பருப்பும் முட்டையும் மீனும் கீரையும் கூலிக்குக் கட்டுப்படியாகாததில் இருக்கிறது. வயிறு நிறைகிறது, உடம்பு நிறைவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில், பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக உடல் எடை. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும்: இரண்டும் ஒரே தெருவில், பல நேரம் ஒரே பெண்ணின் உடம்பில் இருக்கின்றன.

இதன் வேர் கருப்பைவரை போகிறது. புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1990-களிலிருந்து சுற்றுப்புறக் கிராமத்துத் தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்துவருகிறார். அங்கே குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்தன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறக்கும் குழந்தைகளோ சுமார் 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகள் இளைத்திருந்தாலும், தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. குறைவாகச் சாப்பிட்டு அதிகமாக உழைத்த தாய், கிடைப்பதைச் சேமித்து வைக்கப் பழகிய ஓர் உடம்பைப் பிள்ளைக்குக் கொடுத்து அனுப்புகிறாள். அந்தப் பிள்ளை வயல் வேலையிலேயே இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். அது நகரத்துக்கு வந்து, காலையில் டீயும் பன்னும் இரவில் பரோட்டாவும் என்று இருபது வயதில் சம்பாதிக்கத் தொடங்குகிறது. முப்பத்தைந்தில் சர்க்கரை. இரண்டு தலைமுறைக்குள் ஒரு சமூகம் வயலிலிருந்து நகரத்துக்கு மாறிய வேகத்தை உடம்பு இப்படித்தான் கணக்கில் வைத்துக்கொள்கிறது.

லண்டன் அலுவலகப் படிக்கட்டுகள்

ஏழைக்கு நோய் வரும் என்பது புதுச் செய்தியா என்று கேட்கலாம். சோறில்லாமல், மருந்தில்லாமல், சாக்கடையோரம் வாழ்கிறவர் நோயில் விழுவது யாருக்கும் தெரிந்ததே. ஆனால் சோறும் மருந்தும் கிடைத்த பிறகும் விஷயம் முடிவதில்லை என்பதை உலகத்துக்குக் காட்டியது லண்டனில் நடந்த ஓர் ஆய்வு.

பிரிட்டிஷ் அரசின் அமைச்சக அலுவலகங்கள் நிறைந்த இடம் ஒயிட்ஹால். 1967-இல் அங்கே வேலை பார்த்த ஆண்கள் சுமார் 18,000 பேரை மருத்துவ ஆய்வாளர்கள் பின்தொடரத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம். எல்லோருக்கும் இலவச அரசு மருத்துவம். பட்டினி கிடந்தவர் ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் உச்சியில் இருந்த அதிகாரிகளோடு ஒப்பிட்டால், கடைநிலையில் இருந்த கடிதம் கொண்டுபோகிறவர்களும் வாயிற்காவலர்களும் மாரடைப்பால் இறந்தது மூன்று மடங்கு அதிகம். இன்னும் வியப்பான விஷயம் நடுவில் இருந்தது. ஏறும் ஒவ்வொரு படிக்கும் ஆபத்து குறைந்தது. இறங்கும் ஒவ்வொரு படிக்கும் கூடியது. இரண்டாம் நிலை அதிகாரிகூட முதல் நிலை அதிகாரியைவிடச் சற்று முன்னதாகவே இறந்தார். கீழ்நிலை ஊழியர்கள் அதிகமாகப் புகைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றுக்கும் உரிய பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

அந்த மீதிப் பகுதிக்கு விடை தேடியவர் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட். 1985-இல் பெண்களையும் சேர்த்து 10,308 ஊழியர்களோடு இரண்டாவது ஆய்வு தொடங்கியது. தன் வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது, எப்போது நிறுத்துவது என்பதில் யாருக்குக் குரலே இல்லையோ அவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. பொறுப்பு அதிகமுள்ள மேலதிகாரிதான் டென்ஷனில் மாரடைப்பு வந்து சாகிறார் என்ற பொதுப்பேச்சு தலைகீழானது. வேலைப் பளு மட்டும் ஆளைக் கொல்வதில்லை. பளுவும் இருந்து, அதன்மேல் தனக்கு எந்த அதிகாரமும் இல்லாதபோது உடம்பு ஓயாமல் ஆபத்துக்காலத்தில் இருப்பதுபோலவே இயங்குகிறது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நாயைக் கண்டு ஓடும்போது இது நல்லது. ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். வட்டிக்காரர், மேஸ்திரி, சூப்பர்வைசர், வீட்டுக்காரர் என்று இருபது ஆண்டுகள் அடங்காமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், அழுத்தம் ஏறும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், தூக்கம் கெடும்.

பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் மார்மட் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. 2008-இல் வந்த அதன் அறிக்கையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியிலுள்ள இரண்டு இடங்களின் கணக்கு இருக்கிறது. வசதியான லென்சியில் ஆண்களின் சராசரி ஆயுள் 82. சில மைல் தள்ளியிருக்கும் கால்ட்டனில் 54. பணக்கார நாடு, இலவச மருத்துவம், நல்ல குடிநீர் எல்லாம் இருந்த கால்ட்டனில் ஆண்கள், அந்தக் காலத்து இந்திய ஆண்களின் சராசரியைவிடக் குறைந்த வயதில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

கரும்பு வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

இது தூரதேசத்துக் கதை என்று நினைப்பவர்களுக்கு விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரின் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த பொருளியல் அறிஞர் செந்தில் முல்லைநாதனும் அவருடைய சகாக்களும் செய்து, 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது.

கரும்புக்காரருக்குப் பணம் வெட்டின பிறகுதான் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்கடையில் இருக்கும், மளிகைக் கடையில் கணக்கு ஏறியிருக்கும், பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்டிருப்பார்கள். வெட்டு முடிந்து ஆலைப் பணம் வந்ததும் எல்லாம் தளரும். அதே விவசாயிக்கு இரண்டு காலத்திலும் ஒரேவிதமான அறிவுத்திறன் சோதனைகளை ஆய்வாளர்கள் வைத்தார்கள். பணம் இறுக்கமாக இருந்த நாட்களில் அவர் தெளிவாகக் குறைந்த மதிப்பெண் எடுத்தார். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, சாப்பாடும் பெரிதாக மாறவில்லை. கடன் கவலை மூளையின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

நம் மருத்துவமனை வரிசைகளில் நாள்தோறும் நடப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். "மாத்திரையை ஒழுங்கா போடச் சொன்னேனே, ஏம்மா போடலை?" என்று அதட்டு விழுகிறது. படிக்காதவர்கள், அலட்சியம், சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மாதாந்திரச் சீட்டுக்கும் வாடகைக்கும் மகளிர் குழுக் கடன் தவணைக்கும் நடுவில், வலிக்காத ஒரு நோய்க்கான மாத்திரையை நினைவில் வைப்பது எவ்வளவு கடினம் என்பது மாதச் சம்பளக்காரருக்குத் தெரிவதில்லை. இந்த அதட்டல் ஓர் அநீதி. அதை நிறுத்தினாலே பாதிப்பேர் மருத்துவமனைக்குத் திரும்ப வருவார்கள் என்று நம்புகிறேன்.

நிற்கிறவர்கள், காய்கிறவர்கள்

தன் நேரத்தின்மேல் அதிகாரம் இல்லாமை என்பது லண்டன் ஆய்வில் ஒரு கேள்வித்தாள் விடை. நம் ஊரில் அது மூத்திரம் போக அனுமதி கேட்பது.

பெரிய துணிக்கடைகளில், நகைக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால்கூட ஒரு பார்வை வரும். கழிப்பறைக்குப் போவதைக் குறைக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது, பாதம் வீங்குகிறது, முதுகு போகிறது, சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. முப்பது வயதில் ஐம்பது வயதுக் கால்கள். வசந்தபாலன் 2010-இல் எடுத்த 'அங்காடித் தெரு' படம் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவை நமக்குக் காட்டியபோது எல்லோரும் கண்கலங்கினோம். பிறகு அதே தெருவுக்குத் தீபாவளிப் புடவை எடுக்கப் போனோம்.

மாற்றம் கேரளத்திலிருந்து வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு ஒரு போராட்டம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் முன்னால் நின்ற விஜி ஒரு தையல்காரர். கழிப்பறையிலிருந்து அந்தப் போராட்டம் நாற்காலிக்கு வந்தது; 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் உட்கார வசதி செய்துதர வேண்டும் என்றது. பெருமைப்பட வேண்டிய சட்டம்தான். அது தாளைவிட்டு இறங்கியிருக்கிறதா என்பதை அறிய எந்த ஆய்வும் தேவையில்லை. ஊரில் உள்ள பெரிய கடைக்குள் நுழைந்து பார்த்தால் போதும்.

நூற்பாலைப் பெண்களின் கதை இதைவிடக் கொடியது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று ஓடியது. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கவைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஆசைகாட்டுவது. வரதட்சணைக்காக ஒரு பெண் தன் நுரையீரலில் பஞ்சை வாங்கிக்கொண்டாள் என்று நேராகவே சொல்லலாம். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் இன்னொன்றை வெளிக்கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டின் சில ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு, பெயர் எழுதாத மாத்திரைகளைக் கொடுத்து வேலையைத் தொடரவைத்திருந்தார்கள். ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும். மாத்திரை கொடுத்தால் குறையாது. இதற்குமேல் இதை விளக்க வேண்டியதில்லை.

2023 ஏப்ரலில் இதே மாநிலத்தின் சட்டமன்றம், தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எழுந்து நின்றதால், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அந்தச் சில நாட்களில் நடந்த விவாதம் முழுக்க முதலீடு, வேலைவாய்ப்பு, தொழிலாளர் உரிமை என்றே போயிற்று. பன்னிரண்டு மணி நேர வேலை இதயத்தை, சிறுநீரகத்தை, கர்ப்பத்தை என்ன செய்யும் என்று சுகாதாரத் துறையிடம் எவரும் கேட்டதாக நினைவில்லை.

கேட்டிருந்தால் விடை தமிழ்நாட்டிலேயே இருந்தது. ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் செங்கல் சூளை, உப்பளம், வயல் என்று வெயிலில் வேலை செய்கிறவர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். அவர்கள் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வு 2024-இல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தியில் நிற்கும் பெண்ணுக்கு மேலேயும் வெயில், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் வெயில். ஒதுங்க நிழலில்லை, மறைவாகப் போக இடமில்லை. அதனால் அவளும் தண்ணீரைக் குறைக்கிறாள், துணிக்கடைப் பெண்ணைப்போலவே. உடம்பிலிருந்து வியர்வையாய்ப் போன நீர் திரும்ப வராதபோது அடி விழுவது சிறுநீரகத்துக்கு.

2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்லது. ஆனால் வெயிலில் சுருண்டு விழுந்து சாகிறவர் கணக்கில் வருவார். பத்து ஆண்டு வெயிலில் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் படுக்கையில் சாகிறவர் எந்தக் கணக்கில் வருவார்?

காலடி நிலம் நகரும்போது

சமூகம் வேகமாக மாறும்போது, யாருக்கு அந்த மாற்றத்தில் இடம் இல்லையோ அவர் உடம்பு அதைத் தாங்குகிறது. இதற்கு நவீன வரலாற்றில் ரஷ்யாவைப் போன்ற சாட்சி வேறில்லை. 1990-இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 64. சோவியத் ஒன்றியம் உடைந்தது, ஆலைகள் மூடின, சேமிப்பை விலைவாசி விழுங்கியது, சிலர் ஒரே இரவில் கோடீஸ்வரர் ஆனார்கள். 1994-இல் அந்த ஆயுள் 58-க்கும் கீழே போயிற்று. போர் இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளைநோய் இல்லை. நடுவயது ஆண்கள் மாரடைப்பிலும் வோட்காவிலும் விபத்திலும் தற்கொலையிலும் போனார்கள். அமெரிக்காவிலும் கல்லூரி போகாத வெள்ளைக்கார நடுவயதினரின் மரணங்கள் 1990-களின் இறுதியிலிருந்து கூடின என்று பொருளியல் அறிஞர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் 2015-இல் காட்டினார்கள். போதை மாத்திரை, குடி, தற்கொலை. ஆலை மூடியதோடு அவர்களின் சம்பளம் போயிற்று, சங்கம் போயிற்று, ஊரில் இருந்த மரியாதை போயிற்று.

இதைப் படிக்கும்போது கள்ளக்குறிச்சியின் கருணாபுரம் நினைவுக்கு வராமல் போகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள். உடம்பு வலிக்குக் குடித்தோம் என்பது தமிழ்நாட்டில் கூலி வேலை செய்கிற எவரிடம் கேட்டாலும் வரும் பதில். அதைச் சாக்கு என்று ஒதுக்குவது எளிது. நாள் முழுக்க மூட்டை தூக்கியவருக்கு வலி நிவாரணம் என்று இந்தச் சமூகம் வேறு எதை எட்டும் விலையில் வைத்திருக்கிறது? டாஸ்மாக் பாட்டிலும் வாங்க முடியாதவர் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறார். 2003-இன் இறுதியில் அரசே சில்லறை மது விற்பனையை எடுத்துக்கொண்டது. இப்போது அதிலிருந்து ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வருகிறது. அந்தப் பணத்தில் நல்ல திட்டங்கள் நடக்கின்றன என்பது உண்மை. தினக்கூலியின் கல்லீரலிலிருந்து எடுத்து அவர் பிள்ளையின் காலைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் ஏற்பாடு நெடுநாள் நிலைக்கக்கூடியது அல்ல. கடையை ஒரே நாளில் மூடினாலும் கருணாபுரங்கள் பெருகும். கூலியும் ஓய்வும் கௌரவமும் உயராமல் குடியை மட்டும் தனியாகப் பிடுங்க முடியாது.

பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. வட இந்தியாவையும் கிழக்கையும் சேர்ந்த ஒன்பது மாநிலங்களில் 2010-11-இல் எடுக்கப்பட்ட அரசுத் தரவுகளைக் கொண்டு சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் செய்த ஆய்வு 2022-இல் வெளியானது. மேல்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் குறைவாக வாழ்கிறார்கள். தலித்துகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல். சொத்து வித்தியாசத்தைச் சமன்செய்து பார்த்தாலும் இந்த இடைவெளியில் பாதிக்குமேல் மறையவில்லை. ஒரே வருமானம் உள்ள இருவரில் ஒருவர் முன்னதாகச் சாகிறார். சேரிக்கு வந்துசேரும் தண்ணீர், மருத்துவமனையில் கிடைக்கும் தொடுகை, யாரை மலக்குழியில் இறக்குவது என்ற முடிவு, இவற்றையெல்லாம் ரூபாயில் அளக்க முடியாது. மலக்குழி மரணங்களில் 1993 முதல் வந்த தேசியக் கணக்கில் தமிழ்நாடுதான் முதலிடம். மருத்துவத்தில் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலம் இந்த இடத்தில் தலைகுனிய வேண்டும்.

வாசலுக்கு வந்த மாத்திரை

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் எல்லாமே மருத்துவத் திட்டங்கள்தான். மருந்து வாங்கி வழங்க ஒரு தனிக் கழகம் அமைத்து, அரசு மருத்துவமனையில் மாத்திரை இல்லை என்ற நிலையைப் பெருமளவு மாற்றியது இந்த மாநிலம். பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. தகுதியான விருது.

வாசலுக்கு மாத்திரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணை நோயாளியாக்கியது வாசலுக்கு வெளியே இருக்கிறது. அவள் நிற்கும் கடை, சுவாசிக்கும் பஞ்சு, கட்டும் வட்டி. சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து எடுத்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்ட குடும்பங்களைப் பாருங்கள். கூரை கான்கிரீட் ஆயிற்று. வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்குப் பழைய வீடுகள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப்போயின. விடியுமுன் பேருந்து, இருட்டியபின் வீடு. அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தை வேறு பிளாக்கில், வேறு மாடியில். அந்த அத்தையின் இழப்பு எந்த மருத்துவ அறிக்கையிலும் இல்லை. ஆனால் ரத்த அழுத்தத்தில் இருக்கிறது.

ஆகவே தொழிலாளர் துறை ஒரு சுகாதாரத் துறை. வீட்டுவசதித் துறை ஒரு சுகாதாரத் துறை. குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் அரசாணை ஒரு மருந்துச்சீட்டு. 1848-இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது பிரஷ்ய அரசு ருடால்ஃப் விர்ச்சோ என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. அவர் திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் கல்வி, ஜனநாயகம், தாய்மொழி, நியாயமான வரி எல்லாவற்றையும் சிகிச்சையாகப் பரிந்துரைத்தார். அவர் சொன்னது இன்றைக்கும் பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியது, உண்மையைக் கணக்கெடுப்பது. இந்தியாவில் 2020-இல் பதிவான இறப்புகளில் நூற்றுக்கு 22.5 மட்டுமே மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை. மீதிப்பேர் எதனால் செத்தார்கள் என்பது ஏட்டில் இல்லை. எந்த வார்டில், எந்தத் தொழிலில், எந்தச் சாதியில் மக்கள் எத்தனை வயதில் சாகிறார்கள் என்ற கணக்கைத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வட சென்னை வார்டு ஒன்றுக்கும் தென் சென்னை வார்டு ஒன்றுக்கும் ஆயுளில் எத்தனை ஆண்டு வித்தியாசம் என்பது சட்டமன்றத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. இரண்டாவது, கையில் இருக்கும் சட்டங்களை நடைமுறைப்படுத்துவது: நாற்காலி, கழிப்பறை, எட்டு மணி நேரம், உப்பளத்திலும் சூளையிலும் நிழலும் குடிநீரும். இதற்குப் புதிய மசோதா எதுவும் வேண்டாம். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தால் போதும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, உங்களுக்குப் புடவை விரித்துக்காட்டும் பெண் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவளிடம் கேட்காதீர்கள், அவள் வேலைக்கு ஆபத்து. கல்லாவில் இருக்கும் முதலாளியிடம் கேளுங்கள். 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உங்கள் பக்கம் இருக்கிறது.